வாய் திறந்த கப்பல்

அடிமைக் கப்பல் என்றதும் உலகம் முழுக்க ஞாபகத்துக்கு வருவது ஒரே ஒரு படம்தான். மேலிருந்து பார்த்த மாதிரி வரைந்த ஒரு கப்பலின் தளம். அதற்குள் நூற்றுக்கணக்கான கரிய மனித உருவங்கள், தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கின மாதிரி, தோளோடு தோள் ஒட்டிக் கிடத்தப்பட்டிருக்கும். பாப் மார்லி 1979இல் கொண்டுவந்த 'சர்வைவல்' இசைத்தட்டின் உறையில் இந்தப் படம் இருக்கிறது. பாடப்புத்தகங்களில், அருங்காட்சியகச் சுவர்களில், போராட்டச் சுவரொட்டிகளில் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் ஒரு நொடி 'ஐயோ' என்று நெஞ்சை அடைக்கும். அப்புறம் கண் அடுத்த படத்துக்குப் போய்விடும். இந்த 'ஐயோ'வைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். கடந்த சில பத்தாண்டுகளில் கறுப்பினச் சிற்பிகள் சிலர் இந்தப் படத்தையும் இதனோடு கூடப்பிறந்த வேறு சில படங்களையும் கையிலெடுத்து, உடைத்து, வேறொன்றாக வனைந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், செய்தது பலித்ததா என்பது நமக்கும் வேண்டிய கேள்வி.

முதலில் படத்தின் கதை. 'புரூக்ஸ்' என்பது லிவர்பூல் துறைமுகத்துக் கப்பல். 1788இல் பாரி என்ற கடற்படை கேப்டன் லிவர்பூலுக்குப் போய் அடிமைக் கப்பல்களை அளந்து வந்தார். அந்த அளவுகளை வைத்து அதே ஆண்டின் கடைசியில் பிளைமவுத் நகரத்து அடிமை வணிக ஒழிப்புக் குழு முதல் படத்தை அச்சிட்டது. 1789இல் லண்டன் குழு, தாமஸ் கிளார்க்சன் முதலானவர்கள், அதைப் பெரிதாக்கி விளக்கவுரையோடு வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கில் அச்சடித்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். அதில் ஒரு கணக்கு உண்டு. ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். பெண்ணுக்கு 5 அடி 10 அங்குல நீளம், அதே அகலம். சிறுவனுக்கு 5 அடியும் 1 அடி 2 அங்குலமும். சிறுமிக்கு நாலரை அடி நீளம், 1 அடி அகலம். 1788இல் வந்த சட்டம் இந்தக் கப்பலில் ஏற்றலாம் என்று அனுமதித்தது 454 பேரை. சட்டம் வருவதற்கு முன்னால் ஒரே பயணத்தில் இதே கப்பல் 609 பேரை ஏற்றியிருக்கிறது. ஆக, நாம் பார்த்து மூச்சடைத்துப் போகிற அந்த நெரிசல் சீர்திருத்தத்துக்குப் பிந்திய, சட்டத்துக்கு உட்பட்ட, 'தாராளமான' நெரிசல். 609 பேரை எந்தத் தாளில் வரைவது?

இந்தப் படம் எதிரி வரைந்தது அல்ல என்பதை முதலில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அடிமைகளின் நண்பர்கள் வரைந்தது. அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று ஊண் உறக்கமில்லாமல் உழைத்தவர்கள் வரைந்தது. அது வேலையும் செய்தது. கிளார்க்சன் அதைப் பிரான்சுக்குக் கொண்டுபோனபோது மிராபோ பார்த்து அதிர்ந்துபோய், அதை வைத்து மரத்தில் ஒரு கப்பல் மாதிரி செய்யச் சொன்னாராம். வில்பர்ஃபோர்ஸ் கையிலும் அப்படி ஒரு மரக்கப்பல் இருந்தது. அச்சுப்படம் சிற்பமாக மாறிய முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1807இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்ததில் இந்தப் படத்துக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கப்பலில் மாலுமி ஒருத்தன்கூட இல்லை. கேப்டன் இல்லை. சாட்டை இல்லை, துப்பாக்கி இல்லை. லாபம் எடுத்தவன் இல்லை. பிடித்து விற்றவன் இல்லை. யாரும் செய்யாமலே நடந்த கொடுமை மாதிரி உடல்கள் மட்டும் கிடக்கின்றன. அந்த உடல்களுக்கும் முகம் கிடையாது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒன்றுபோல. ஒருத்தி பக்கத்தில் கிடப்பவளிடம் ஏதாவது சொல்லியிருப்பாள். ஒருத்தன் விலங்கைப் பல்லால் கடித்துப் பார்த்திருப்பான். அந்தக் கப்பல்களில் கலகங்கள் நடந்தன, பட்டினிப் போராட்டங்கள் நடந்தன, கடலில் குதித்தவர்கள் உண்டு. அதெல்லாம் இந்தத் தளப்படத்துக்குள் வரவில்லை. வந்தால் பார்ப்பவனுக்கு இரக்கத்தோடு சேர்ந்து பயமும் வந்துவிடும். நண்பர்களுக்குத் தேவைப்பட்டது இரக்கம். அதற்கு அசையாத, பேசாத, எண்ணிப் பார்க்க வசதியான உடல்கள் போதும்.

இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பேசக்கூடிய ஆள் லண்டனிலேயே இருந்தார். ஒலாடா எக்வியானோ. அடிமையாக விற்கப்பட்டு, 1766இல் தன் சொந்தப் பணத்தால் தன்னை மீட்டுக்கொண்டவர். 'ஸாங்' கப்பலில் 1781இல் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளைக் கடலில் வீசிவிட்டு, 'சரக்கு' நஷ்டம் என்று காப்பீட்டுப் பணம் கேட்டார்களே, அந்தச் சேதியை 1783இல் கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர். லண்டன் குழு கப்பல் படத்தை வெளியிட்ட அதே 1789இல் தன் வாழ்க்கை வரலாற்றை அவர் வெளியிட்டார். புத்தகத்தின் முகப்பில் அவர் படம். மேலங்கி போட்டு, கையில் விரித்த வேதப்புத்தகத்தோடு, வாசிக்கிறவனை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே வருசத்தில் வந்த இரண்டு படங்கள். உலகம் எதை ஞாபகம் வைத்தது, எதை மறந்தது என்று உங்களுக்கே தெரியும். (கையில் புத்தகத்தோடு நேராகப் பார்க்கிற ஒருவரின் சிலையை இரும்புக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருக்கிற நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஆகவே ரொம்ப ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.)

இன்னொரு படம் மண்டியிட்டது. 1787இல் வெட்ஜ்வுட் மண்பாண்டத் தொழிற்சாலையில் வார்த்த சிறு பதக்கம். சங்கிலி பூட்டிய கறுப்பு மனிதன் ஒரு முழங்காலை ஊன்றி, கைகளைக் கூப்பி, நானும் ஒரு மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா என்று கேட்கிறான். சீமாட்டிகள் அதைக் கையில் காப்பாகப் போட்டுக்கொண்டார்கள், தலையில் ஊசியாகச் செருகிக்கொண்டார்கள். அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனிதன்தான் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எதிரே நிற்கிறவனிடம் இருக்கிறது. அவன் படத்துக்கு வெளியே நிற்கிறான். பதக்கத்தை வாங்கிப் போட்டுக்கொள்பவனே அவன்.

அந்த முழங்கால் நூறு வருசத்துக்கு நிமிரவில்லை. வாஷிங்டன் நகரத்தில் 1876இல் தாமஸ் பால் செய்த விடுதலைச் சின்னம் திறக்கப்பட்டது. லிங்கன் நிற்கிறார். அவர் காலடியில் சங்கிலி அறுந்த ஒரு கறுப்பர், எழுந்தும் எழாமலும், முழங்கால் ஊன்றி. சிலைக்குக் காசு கொடுத்தவர்கள் விடுதலை பெற்ற அடிமைகள். முதல் 5 டாலர் சார்லட் ஸ்காட் என்ற பெண் கொடுத்தது. சிலை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வெள்ளையர்கள். திறப்பு விழாவில் பேசியவர் ஃபிரெடெரிக் டக்ளஸ். விழா முடிந்த சில நாட்களில் ஒரு பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதம் 2020இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. கறுப்பர் முழங்காலில் இல்லாமல் மனிதனாகத் தன் காலில் நிற்கிற சின்னத்தைச் சாவதற்குள் பார்க்க ஆசைப்படுகிறேன் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். அந்தச் சிலையின் பிரதி 1879இலிருந்து பாஸ்டனில் இருந்தது. 2020 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கிற தோழர்களுக்கு இரண்டு வரி. மகாத்மா புலே 1873இல் 'குலாம்கிரி'யை வெளியிட்டபோது, அடிமை ஒழிப்புக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் 1946இல் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அடிமை முறையையும் தீண்டாமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலசியிருக்கிறார். ஆக, அவர்கள் கதை ஆரம்பத்திலிருந்தே நம் இயக்கத்தின் வாசிப்புக்குள் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. மலக்குழிக்குள் கழுத்தளவு நிற்கிற நம் ஆளின் படத்தை எத்தனை சுவரொட்டியில், எத்தனை ஆவணப்படத்தில், எத்தனை புகைப்படக் கண்காட்சியில் பார்த்திருக்கிறோம்! எடுத்தவர்களில் நிறையப் பேர் நண்பர்கள்தான். நாமும் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். அந்தப் படத்தில் குழிக்குள் இறக்கிய ஒப்பந்தக்காரன் இருப்பதில்லை, அதிகாரி இருப்பதில்லை. வீட்டுக்காரன் முகத்தைக் காட்டுவதே இல்லை. புரூக்ஸ் கப்பலின் சூத்திரம் அப்படியே இருக்கிறது.

இனி சிற்பங்களுக்கு வருவோம். நேரில் பார்க்க எனக்கு வாய்த்ததில்லை. படங்கள், காணொளிகள், எழுதப்பட்டவை வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ரொமுவால்ட் ஹசுமே 1962இல் பெனின் நாட்டின் போர்ட்டோ நோவோ நகரத்தில் பிறந்தவர், யொருபா வழிவந்தவர். தூக்கியெறியப்பட்ட பிளாஸ்டிக் பெட்ரோல் கேன்களைக் கொண்டு முகமூடி செய்வது அவர் வழி. கேனின் கழுத்துப்பக்கத்தை அறுத்து எடுத்தால் ஊற்றுகிற துவாரம் திறந்த வாயாகிவிடும், கைப்பிடி மூக்காகிவிடும். அவ்வளவுதான், முகம் வந்துவிட்டது. 1997இல் தொடங்கி 2005 வரை அவர் செய்த படைப்பு 'லா பூஷ் து ருவா'. 304 கேன் முகங்களைத் தரையில் கப்பல் வடிவத்தில், அச்சு அசல் புரூக்ஸ் படம் மாதிரியே அடுக்கியிருக்கிறார். தலைப்புக்கு 'ராஜாவின் வாய்' என்று அர்த்தம். பெனின் கடற்கரையில், அடிமைகளைக் கப்பலேற்றிய ஒரு முகத்துவாரத்தின் பெயர் அது. போர்ச்சுகீசியர் 'ஆற்றின் வாய்' என்று வைத்த பெயர் பிரெஞ்சுக்காரர் காதில் ராஜாவின் வாயாகிவிட்டது என்கிறார்கள். தப்பாகக் காதில் விழுந்த பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர். ஆறுதான் மனிதரைத் துப்பியது, ராஜாவும்தான் துப்பினான்.

கேன் எங்கிருந்து வந்தது? இங்கேதான் ஹசுமே மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். நைஜீரியாவிலிருந்து பெனினுக்குப் பெட்ரோல் கடத்துவது அங்கே ஏழைகளின் பிழைப்பு. பழைய மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கேன்களைக் கட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். ஒரு பொறி பட்டால் ஆளும் வண்டியும் சேர்ந்து போகும். கேன் இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று அதைச் சூடுகாட்டி உப்பவைப்பார்கள். உப்ப உப்ப பிளாஸ்டிக் மெலிந்துபோகும். வெடிக்கிறவரைக்கும் அதில் சுமப்பார்கள், வெடித்தால் தூக்கியெறிவார்கள். இந்தக் கேன்தான் அவர் சிற்பத்தில் அடிமையின் முகம். கல்லும் வெண்கலமும் இந்த வேலையைச் செய்திருக்காது. உடலை அதன் கொள்ளளவுக்கு மேல் விரித்து, நசுங்குகிறவரை உபயோகித்து எறிவது என்பதை அவர் கற்பனை செய்து செதுக்கவில்லை. பொருளுக்குள்ளேயே அந்தச் சரித்திரம் இருக்கிறது. படைப்போடு சேர்த்துக் காட்டுகிற காணொளியில் அந்தக் கடத்தல் வண்டிகள் ஓடுகின்றன. அடிமைத்தனம் 1807இலோ 1833இலோ 1865இலோ முடிந்துபோன விசயம் என்று மூச்சுவிட வந்தவனை அது நிம்மதியாக விடாது.

புரூக்ஸ் படத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் அவர் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். முகங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று நசுங்கியது, ஒன்று கிழிந்தது, ஒன்று கறுத்தது, ஒன்று வெளுத்தது. சிலவற்றில் அவரவர் தெய்வத்துக்கான அடையாளம் கட்டியிருக்கிறது, கடலைத் தாண்டியும் கூடவே போன தெய்வங்கள். முகமூடிகளுக்கு அடியிலிருந்து குரல்கள் வருகின்றன. யொருபா, மஹி, வெமே மொழிகளில் பெயர்கள், பாட்டு, ஒப்பாரி. ஊடே சோழிகளும் பாசிமணிகளும் மதுப்புட்டிகளும் இருக்கின்றன, மனிதனுக்கு விலையாகக் கொடுத்த சாமான்கள். புகையிலையும் வாசனைச் சரக்குகளும் இருக்கின்றன. ஆகவே அந்த அறைக்கு ஒரு மணம் உண்டு. துப்பாக்கியும் இருக்கிறது.

அப்புறம் கப்பலின் பின்பக்கத்தில் தனியாக இரண்டு முகங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. மஞ்சள் முகம் வெள்ளை அதிகாரம். கறுப்பு முகம் தன் பக்கத்து மனிதர்களைப் பிடித்து விற்ற ஆப்பிரிக்க அரசன். ஒரு பெனின்காரர் இதைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. தகோமி அரசர்களைக் கொண்டாடுகிற ஊர் அது. 'நம்ம ராஜா' என்று மார்தட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு, அந்த ராஜாவும் கப்பலை ஓட்டினவன்தான் என்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். வெள்ளைக்காரன் செய்தான் என்று மட்டும் சொல்லியிருந்தால் இரண்டு பக்கத்திலும் கைதட்டல் வாங்கியிருப்பார். ராஜராஜன் காலத்துப் பொற்காலம் பற்றிக் காலட்சேபம் கேட்டே வளர்ந்த நமக்கு அந்தக் கறுப்பு முகமூடியின் அருமை விளக்கிச் சொல்லாமலே புரியும்.

நேரில் பார்க்கவில்லை என்று சொன்னேனே, அந்த விசயம் இங்கே வருகிறது. இந்தப் படைப்பின் புகைப்படங்களில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை உயரத்திலிருந்து எடுத்தவை. கப்பல் வடிவம் முழுசாகத் தெரிய வேண்டும், புரூக்ஸ் ஞாபகம் வர வேண்டும் என்று அப்படி எடுக்கிறார்கள். எடுத்தவுடனே என்ன ஆகிறது? 304 முகங்களும் மறுபடி புள்ளிகள் ஆகிவிடுகின்றன. குரல் போய்விட்டது, மணம் போய்விட்டது, நாம் மறுபடி மேலே நின்று பார்க்கிறோம். கிளார்க்சன் நின்ற அதே இடம். ஹசுமே சிற்பத்தைத் தரையில் வைத்தது நாம் அதன் ஓரமாக நடக்க வேண்டும் என்பதற்காக. முழங்கால் உயரத்தில் இருக்கிற ஒரு வாயைப் பார்க்க நாம்தான் குனிய வேண்டும். யார் மண்டியிடுவது என்ற பழைய கணக்கு அந்த இடத்தில் திரும்பிவிடுகிறது. இதைப் புகைப்படம் காட்டாது. ஆகையால் இந்தச் சிற்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'புரூக்ஸ் படத்தின் நவீன வடிவம்' என்று ஒற்றை வரியில் முடிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அதன் மேல்பார்வையைக் கீழே இழுத்துப் போட்டது என்று எழுதினால் ஒப்புக்கொள்ளலாம்.

காரா வாக்கர் விசயத்தில் எனக்கு இரண்டு மனசு. 2014இல் நியூயார்க்கின் புரூக்ளினில், இடிக்கப்படவிருந்த டோமினோ சர்க்கரை ஆலைக்குள் அவர் ஒரு ராட்சதப் பெண்ணை உட்கார வைத்தார். 35 அடி உயரம், 75 அடி நீளம், மேலே முழுக்க வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு. எகிப்து ஸ்ஃபிங்க்ஸ் மாதிரி உடல், தலையில் முண்டாசு. அந்த முண்டாசுக்காரியை அமெரிக்காவில் 'மாமி' என்பார்கள். எஜமான் வீட்டுக் குழந்தையைத் தன் பிள்ளையாக வளர்த்து, எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிற அடிமைத் தாய் என்று வெள்ளையர் கற்பித்துக்கொண்ட பிம்பம். மாவுப் பொட்டலத்திலும் விளம்பரத்திலும் நூறு வருசத்துக்கு மேல் ஓடிய முகம். அவளைச் சுற்றிக் கூடை சுமக்கிற சிறுவர்களின் உருவங்கள். அவற்றில் சில முழுக்கச் சர்க்கரைப் பாகில் வார்த்தவை. கோடை வெயிலில் அவை உருகின, கை உடைந்து விழுந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மற்றச் சிறுவர்களின் கூடையில் போட்டார் வாக்கர். கரும்புத் தோட்டத்தில் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொன்ன சிற்பத்தை நான் அறியேன்.

ஆனால் பார்க்க வந்த கூட்டம் என்ன செய்தது? அந்தப் பெண்ணின் மார்பையும் பிருஷ்டத்தையும் பிடிக்கிற மாதிரி நின்று சிரித்துப் படமெடுத்துக்கொண்டார்கள் பலர். அதைப் பார்த்துக் கறுப்பர்கள் கொதித்துப் போனார்கள். வாக்கர் இதை எதிர்பார்த்தே இருந்தார், கூட்டம் செய்ததைக் காமிராவில் பதிவு செய்து பிறகு அதையே ஒரு படைப்பாகக் காட்டினார். இது கெட்டிக்காரத்தனம். ஆனால் அவமானப்பட்டது யார்? அங்கே நின்ற கறுப்புப் பெண்கள், தங்கள் பாட்டியின் உடம்பை மற்றவன் கேலி செய்வதைக் காசில்லாத காட்சியாகப் பார்க்க நேர்ந்தவர்கள். ஆதிக்கம் கற்பித்த பிம்பத்தை அப்படியே ஊதிப் பெரிசாக்கினால் அதன் அசிங்கம் தானாக வெளிப்படும் என்கிற நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை. பார்க்கிறவன் கண் மாறாதவரை பெரிசான அசிங்கம் பெரிசான வேடிக்கையாகத்தான் ஆகும்.

இந்தச் சண்டை கறுப்பர்களுக்குள்ளேயே பழசு. 1997இலேயே மூத்த கலைஞர் பெட்டி சார், வாக்கர் பழைய இழிபிம்பங்களைப் பயன்படுத்துவதை எதிர்த்து ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினார். சார் சொன்னதில் பொறாமை இருக்கிறது என்று பேசியவர்கள் உண்டு. நான் அவர் செய்த சிற்பத்தை வைத்துப் பேசுகிறேன். 1972, பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றிய அதே வருசம், சார் ஒரு சிறு பெட்டிக்குள் 'ஆன்ட்டி ஜெமைமாவின் விடுதலை'யைச் செய்தார். கடையில் விற்ற மாமி பொம்மை ஒன்றை எடுத்து, ஒரு கையில் துடைப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். ஓரடி உயரம்கூட இல்லாத சாமான். அதே மாமி, அதே சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்து இனி எவனும் பக்கத்தில் நின்று படமெடுக்க மாட்டான். 75 அடியில் வாக்கருக்குக் கைநழுவியது ஓரடிப் பெட்டிக்குள் சாருக்குக் கைகூடியது என்பதுதான் என் கட்சி.

அதற்காக வாக்கரைத் தள்ளிவிட முடியாது. 2019 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தில் 'ஃபான்ஸ் அமெரிக்கானஸ்' என்று 13 மீட்டர் உயர நீரூற்று ஒன்றை அவர் நிறுவினார். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முன்னால் 1911இலிருந்து நிற்கிற விக்டோரியா மகாராணி நினைவுச்சின்னத்தின் பகடி அது. உச்சியில் தேவதைக்குப் பதில் ஒரு கறுப்புப் பெண், மார்பிலிருந்தும் அறுபட்ட கழுத்திலிருந்தும் தண்ணீர் பீய்ச்சுகிறது. கீழே தொட்டியில் சுறாக்கள். 'ஸாங்' கொலைகளை நினைவூட்டும் டர்னரின் 1840ஆம் ஆண்டு ஓவியத்தில் கடலில் மூழ்குகிற கைகால்கள் உண்டே, அந்தக் கடல் இங்கே தொட்டியாகிறது. 1790களில் ஸ்டோதார்ட் வரைந்த இன்னொரு படம் இருக்கிறது. அடிமைக் கப்பல் பயணத்தை ஒரு கறுப்பு வீனஸ் சிப்பியில் நின்றபடி தேவர்கள் புடைசூழ உல்லாசமாகக் கடல் கடப்பதாக வரைந்த அயோக்கியத்தனம் அது. வாக்கர் அந்தச் சிப்பியை எடுத்துக்கொண்டு வீனஸைத் தூக்கிவிட்டார். சிப்பிக்குள் தண்ணீரில் மூழ்கப்போகிற ஒரு சிறுவனின் முகம், கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி. இங்கே ஊதிப் பெரிசாக்கியது அடிமையின் பிம்பத்தை மட்டுமல்ல, எஜமானின் நினைவுச்சின்னத்தையும் சேர்த்து. சிரிப்பு சரியான ஆளைப் போய் அடிக்கிறது. அதனால்தான் இது சர்க்கரைப் பெண்ணைவிட எனக்குப் பெரிய படைப்பாகப் படுகிறது. கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். விக்டோரியா சிலை அங்கேயேதான் நிற்கிறது.

சிமோன் லீ 2022இல் வெனிஸ் கண்காட்சிக்குச் செய்த வெண்கலச் சிற்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜமைக்காவில் 1879இல் சுற்றுலாக்காரர்களுக்கு விற்ற புகைப்படம் ஒன்று, ஆற்றில் குனிந்து துணி துவைக்கிற கறுப்புப் பெண். அங்கே அடிமை முறை சட்டப்படி முடிந்து நாற்பது வருசம் ஆகியும் மாறாத குனிவு. லீ அந்தக் குனிவை மாற்றவில்லை, அவளை எழுப்பி நிறுத்தவில்லை, கையில் கொடி கொடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள், நம்மை ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்த உடம்பெல்லாம் கும்பிடுகிற உடம்பு ஆகாது. நாற்று நட்ட அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கானா நாட்டு க்வாமே அகோட்டோ-பாம்ஃபோ இன்னொரு வழியில் போகிறார். இறந்தவர்களுக்குச் சுடுமண்ணில் தலை வனைந்து வைப்பது அக்கான் மக்களின் பழைய வழக்கம். சாவுச் சடங்கு கிடைக்காமல் கடலில் போனவர்களுக்காக அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளை வார்த்திருக்கிறார், ஒவ்வொன்றும் தனி முகம். அமெரிக்காவின் மான்ட்கமரியில் 2018இல் திறந்த நினைவிடத்தில் அவருடைய சங்கிலி பூட்டிய மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருத்தி கையில் குழந்தை.

கடைசியாக, காசு விசயம். ஹசுமேயின் கப்பலை 2007இல் வாங்கியது பிரிட்டிஷ் மியூசியம். 1807 சட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு. 1833 சட்டப்படி அடிமை முறையை ஒழித்தபோது எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்து, அடிமைகளுக்குச் சல்லிக்காசு கொடுக்காத அரசாங்கத்தின் நாடு அது. அந்தக் கடனின் மிச்சம் 2015இல்தான் தீர்ந்தது. அப்படிப்பட்ட நாடு தன் நல்ல மனசைக் கொண்டாட ஒரு ஆப்பிரிக்கச் சிற்பத்தை வாங்குகிறது என்று கோபப்படலாம், கோபம் நியாயம்தான். பெனின் நாட்டுப் பிள்ளை அதைப் பார்க்க விசா எடுக்க வேண்டும். ஆனால் விழாக்காரர்கள் எதிர்பார்த்த படம் இது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் ஒழிப்பைக் கொண்டாட அழைத்தார்கள். வந்த கப்பலில் பெட்ரோல் நாறுகிறது, மஞ்சள் முகமும் கறுப்பு முகமும் இன்னும் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த வருசம் கப்பலை ஊர் ஊராகவும் கொண்டுபோனார்கள். புரூக்ஸ் புறப்பட்ட லிவர்பூலுக்குப் போனது. வில்பர்ஃபோர்ஸ் பிறந்த ஹல் நகரத்துக்கும் போனது. வில்பர்ஃபோர்ஸ் கையிலிருந்த மரக்கப்பல் அந்த ஊரில் அவர் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதன் தட்டுகளில் அச்சுப்படத்தையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், தாளில் வரைந்த உடல்கள். 2007 கோடையில் சில வாரங்கள் இரண்டு கப்பல்களும் ஒரே ஊரில் இருந்தன, ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் பேசாமல். மற்றதன் அடியிலிருந்து யாரோ யொருபாவில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.